பக்கத்து சீட்டு பிரேக்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு பிரேக்கக்கா என்று பெயர். முதலாளி வைத்தது. வண்டி பழக வருகிறவர் ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பார், பக்கத்து சீட்டில் இவள் உட்கார்ந்திருப்பாள். இவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து எதையாவது மிதிப்பார்கள். சிலர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் வண்டி நின்றது என்றால் அது இவள் காலால் நின்றது. அந்த வண்டியில் கீறல்களுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாமே நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் போகிற வருகிறவர்கள் உரசிவிட்டுப் போனவை. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

யார் வந்தாலும் முதல் நாள் ஒரே பாடம்தான் நடத்துவாள். "நான் சொன்னா திரும்பணும். சொல்ற வரைக்கும் நேரா போகணும். நீங்களா எந்த முடிவும் எடுக்கக் கூடாது." எல்லோரும் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். இரண்டாவது முனையிலேயே தங்களுக்குத் தோன்றிய பக்கம் ஒடித்துவிட்டு, "வீடு இந்தப் பக்கம் மேடம், பழக்கதோஷம்" என்பார்கள். அவளும் திட்டித் திட்டி ஓய்ந்துபோய், யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விதி என்று தெரிந்தே அதைச் சொல்லி வந்தாள்.

ஒருவர் இறங்கிப்போய் அடுத்தவர் வருவதற்குள் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். மற்ற பயிற்சியாளர்கள் அந்த நேரத்தில் டீக்கடையில் நிற்பார்கள். இவள் மைதானத்து மதில் ஓரம் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னாலிருக்கிற டப்பாவைத் திறந்து ஒரு கட்டு நோட்டீசை எடுப்பாள். ஸ்கூலுக்காக அச்சடித்து, போன் நம்பர் தப்பாக வந்துவிட்டதால் முதலாளி தலையிலடித்துக்கொண்டு மூலையில் தள்ளிய நோட்டீஸ்கள் அவை. பின்பக்கம் வெள்ளை. அதில்தான் அவள் கதை எழுதினாள். ஸ்டீரிங் மேல் அட்டையைச் சாய்த்து வைத்தால் எழுத வசதியாக இருக்கும், ஆனால் முழங்கை பட்டு ஹாரன் அடித்துவிடும். மைதானத்தில் திடீரென்று ஹாரன் சத்தம் கேட்டால், "அக்காவுக்கு நல்ல வரி கிடைச்சிடுச்சு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

எழுத்தாளர் என்று யாராவது சொன்னால் கூச்சத்தில் நெளிந்துவிடுவாள். ஒன்றிரண்டு சின்னக் கதைகள் பத்திரிகையில் வந்திருந்தன, அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முதல் கதை வந்தபோது அதைக் கத்தரித்துத் தன் டூல்பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தார். கிரீஸ் படிந்து இப்போது ஒரு வரிகூடப் படிக்க முடியாது. கிழித்துப் போடவும் மனசில்லை அவருக்கு.

இப்போது எழுதிக்கொண்டிருந்தது கொஞ்சம் நீளக் கதை. ஓர் அக்கா, ஒரு தங்கை. ஏதோ ஒரு கல்யாணத்தில் வந்த வாய்த்தகராறில் பேச்சு விட்டுப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஒருநாள் அக்கா கிளம்பித் தங்கை வீட்டு வாசலுக்கு வந்து மணியடிக்கிறாள். தங்கை கதவைத் திறக்கிறாள். அக்கா முதலில் என்ன பேசுவாள்? அங்கேதான் கதை நின்றுபோயிருந்தது. நல்லா இருக்கியா என்று கேட்டால் ஒப்புக்குக் கேட்டது போலிருந்தது. மன்னித்துவிடு என்றால் அந்த அக்கா அப்படிச் சொல்லுகிற ஆளே இல்லை. மாதக்கணக்காக அந்த அக்கா வாசலிலேயே நின்றாள்.

"பாவம்மா, ஒரு நாற்காலியாவது போடு அவங்களுக்கு" என்றாள் மகள். பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்தில் இருந்தாள், வாய் ஜாஸ்தி.

இந்த நீளக் கதையைத் தொடங்கிய அன்றைக்கு, யாரும் கேட்காமலேயே முதலாளியிடமும் வீட்டுக்காரரிடமும் அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "எழுத்து என்னைக்கு என் வேலையில கை வைக்குதோ, அன்னைக்கே நிறுத்திடறேன்." முதலாளி, "யாரு உன்னைக் கேட்டா?" என்றார். அவளுக்கு அப்படிச் சொன்னால்தான் நிம்மதியாக இருந்தது. ஆசைக்கென்று ஒரு காரியம் செய்கிறோமே, யாருடைய பங்கிலிருந்தோ எடுத்துச் செய்கிறோமோ என்ற உறுத்தல் அவளுக்கு என்றைக்கும் உண்டு.

அப்போதுதான் துணிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். கடை அவருடையது இல்லை, அங்கே துணி எடுத்துக் காட்டுகிற வேலை. தலை நரைக்கத் தொடங்கிய வயசு. மேலே இருக்கிறதை எடுங்க என்றால் எடுப்பார், வேண்டாம் என்றால் முகம் கோணாமல் மடித்து வைப்பார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் செய்தே பழகிய மனிதர். வீட்டிலும் அப்படித்தான், கார் ஓட்டுவது அவர் மனைவி. மனைவிக்கு முழங்கால் தேய்ந்துபோய் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு நடைப்பயிற்சிக்கு யார் கூட்டிப்போவது? "வேற யாரு, நீங்கதான்" என்று மனைவி சொல்லிவிட்டார். சொன்னதால் வந்திருந்தார்.

மனிதர் தங்கமானவர், வண்டிதான் வரவில்லை. இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை கால் ஓடாது. "கியரை மாத்துங்க" என்றால் குனிந்து கியரையே பார்ப்பார், வண்டி தன் இஷ்டத்துக்கு ஒதுங்கும். "ரோட்டைப் பாருங்க" என்றால் ரோட்டை மட்டும் பார்ப்பார், கியர் அப்படியே நிற்கும். ஏற்கெனவே ஒரு தடவை டெஸ்டில் தோற்றாயிற்று. அடுத்த டெஸ்ட் ஆபரேஷனுக்குச் சற்று முன்னால். அதிலும் தோற்றால் மனைவியைக் கூட்டிப்போக ஊரில் யாரையாவது கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அன்று காலை வழக்கமான பாதை. சந்தைத் தெரு, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, அங்கே இடதுபக்கம் திரும்பி மைதானம். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பிரேக்கக்காவின் மனசு தங்கை வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அக்கா வெயிலில் நடந்து வந்திருப்பாளே, தண்ணி கேட்பாளோ? கேட்கமாட்டாள், ரோஷக்காரி. தங்கை கையில் கரண்டியோடு வந்து திறந்திருப்பாள். ஒரு கையால் கதவைப் பிடித்திருப்பாள், திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அந்தக் கையை அக்கா பார்க்கிறாள். வளையல் பழசு. அது யாருடைய வளையல்?

அவளை உலுக்கி எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் இல்லாததுதான். பழகுகிறவர் ஓட்டும் வண்டி எப்போதும் ஏதாவது ஒரு விதத்தில் அழுதுகொண்டே போகும். அன்று இஞ்சின் டாப் கியரில் ஒரே சீராக ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியைக் காணோம், வீடுகளையும் காணோம். அகலமான நெடுஞ்சாலை, முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒரு லாரி.

குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க போயிட்டிருக்கோம்?"

"தெரியலைங்க மேடம்" என்றார் துணிக்கடைக்காரர். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. "நீங்க திரும்பச் சொல்லலையே. அதான் நேரா வந்துட்டேன்."

"கேட்டிருக்கலாமில்ல?"

"நானா எந்த முடிவும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே."

இத்தனை வருஷத்தில் அந்த விதியை அப்படியே கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான். ஓரமாக நிறுத்தச் சொன்னாள். அழகாக இண்டிகேட்டர் போட்டு, கியரைக் குறைத்து, குலுங்காமல் நிறுத்தினார். அவள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வரும்போது அவளே ஓட்டினாள். பக்கத்து சீட்டில் அவர் விளையாட்டுச் சாமானைப் பாதியில் பறிகொடுத்த குழந்தை மாதிரி உட்கார்ந்து வந்தார்.

வந்து இறங்கியதும் நேரே முதலாளியிடம் போய், "மேடம் இன்னைக்குத்தான் பிரமாதமா சொல்லிக் கொடுத்தாங்க, வாயே திறக்கல" என்று பாராட்டிவிட்டார். அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். முதலாளி பழைய லாரி டிரைவர், சொல்லாததும் அவர் காதில் விழும். துணிக்கடைக்காரர் போனதும் இவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் மறைக்கவில்லை.

"வேற யோசனையில இருந்துட்டேண்ணே. தொட்டிகிட்ட திரும்பச் சொல்ல மறந்துட்டேன்."

"கதையா?"

"ஆமா."

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். அன்று கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கால் எங்க இருந்துச்சு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பிரேக் மேல் இருந்ததா, பக்கத்தில் இருந்ததா, மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாளா? தங்கையின் வளையல் நினைவிருந்தது, தன் கால் நினைவில்லை.

"தெரியலண்ணே."

"சரி, போய் அடுத்த ஆளைப் பாரு" என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சொன்ன வாக்கை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவளே ஞாபகப்படுத்திக்கொண்டாள். வெள்ளை நோட்டீஸ்களை ஆபீஸ் மூலையில் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். எழுதியவற்றை நூலால் கட்டி வீட்டு அலமாரி மேல் போட்டாள். ஒரு மனிதர் என்னை நம்பி ஸ்டீரிங் பிடித்திருந்தார், நான் பொய்க்கதையில் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னையே வறுத்தெடுத்துக்கொண்டாள்.

எழுத்தை விட்டதால் வேலை நன்றாக நடந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கால் பிரேக்கை விட்டு நகர மறுத்தது. காய்ந்த இலை பறந்தால் பிரேக். மரத்தடியில் ஒரு நாய் தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் பிரேக். வந்தவர்களுக்கெல்லாம் கழுத்து வலி. "மேடம், வண்டியை நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டே விட்டாள். துணிக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு நெடுஞ்சாலையில் வந்த கை, பழையபடி விறைத்துப்போய்விட்டது.

வீட்டிலும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பாத்திரத்துக்கு மூடி சரியில்லை, துணி காய்ந்த லட்சணம் சரியில்லை, மகள் நடக்கிற சத்தம் சரியில்லை. அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. மனசுக்குள் வரிகள் வருவது நின்றிருந்தால் தேவலை, அது நிற்கவில்லை. வந்ததை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் காலை அவள் வீட்டுக்காரர் டூல்பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கறவங்க மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அப்படி இருக்கு உன் மூஞ்சி."

"அவங்களுக்குத்தான் நீங்க போய்க் கதவைத் திறந்து விடறீங்களே."

"உனக்கும் திறந்து விடலாம். நீதான் உள்ளேருந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்க."

அவள் பாத்திரம் தேய்த்தாள். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

டெஸ்டுக்கு முந்தைய கடைசி வகுப்பு. சந்தைத் தெருவில் போகும்போது துணிக்கடைக்காரர் ரொம்பத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு மெயின் ரோட்டுல பேசாம வந்தீங்களே, அந்த மாதிரி இன்னைக்கு வரமுடியுமா? எனக்கு அன்னைக்குத்தான் ஓட்ட வந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. "அன்னைக்கு நான் சொல்லிக் கொடுக்கலைங்க. ஒரு கதையை யோசிச்சுட்டு உங்களை மறந்துட்டேன். அதுதான் உண்மை."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. "என்ன கதைங்க?" என்றார்.

வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் இத்தனை நாளாக அடைத்து வைத்திருந்தது, கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் வாய் நிற்கவில்லை. அக்காவைச் சொன்னாள், தங்கையைச் சொன்னாள், கல்யாணச் சண்டையைச் சொன்னாள், மணியடித்ததைச் சொன்னாள். கதையைக் கேட்கிற சுவாரஸ்யத்தில் துணிக்கடைக்காரர் தன்பாட்டுக்குக் கியரை மாற்றினார். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"கதவைத் திறந்தாங்க. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. எழுதறதை நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா?" அவர் குரலில் நிஜமான கவலை. "அப்ப அந்த அக்கா?"

"எந்த அக்கா?"

"வாசல்ல நிக்கறாங்களே. அவங்க அப்படியே நிக்க வேண்டியதுதானா?"

அந்த அக்காவை அவள் எப்படி மறந்தாள்? தன் குற்றத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், வெயிலில் நிறுத்திவிட்டு வந்த மனுஷியை ஒருநாளும் நினைக்கவில்லை.

வண்டி குலுங்கி நின்றது. சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்திருந்தார். இருவரையும் முறைத்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

"நான் பிரேக் போடலைங்க மேடம்" என்றார் துணிக்கடைக்காரர் மெதுவாக.

அவள் குனிந்து பார்த்தாள். பிரேக்கைத் தரையோடு மிதித்துக்கொண்டு தன் வலது கால் இருந்தது. சைக்கிளைப் பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

"நான்தான் போட்டிருக்கேன்" என்றாள்.

"அன்னைக்கும் நீங்கதானே போட்டீங்க."

"என்னைக்கு?"

"மெயின் ரோட்டுலதான். பாலம் இறங்கறப்ப முன்னால போன லாரி சட்டுனு நின்னுச்சே. நான் காலை எடுத்து வைக்கறதுக்குள்ள நீங்க போட்டுட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லாமப் போட்டீங்களா, ஏதோ கோவமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் எங்க திரும்பணும்னு கேக்கல."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கண்ணையும் சேர்த்து. துணிக்கடைக்காரர் நாகரிகமாக வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் முதலாளி முன்னால் போய் நின்றாள். "கால் பிரேக் மேலதான் இருந்திருக்குண்ணே" என்று நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "கால் சரி, வாய் எங்க போச்சு? தொட்டிகிட்ட திரும்பச் சொல்லணுமா இல்லையா?" என்றார். அதுவும் நியாயம்தான். பாதித் தப்பு போய்விட்டது, பாதி அவளிடமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாழ முடியும் என்று தோன்றியது. கிளம்பும்போது முதலாளி தலையை நிமிர்த்தாமல், "மூலையில கிடக்கற நோட்டீசை எடுத்துக்கிட்டுப் போ, எலி கடிக்குது" என்றார்.

டெஸ்ட் நாளில் பக்கத்து சீட்டு அவளுக்கு இல்லை. அங்கே இன்ஸ்பெக்டர் உட்காருவார். கற்றுக்கொடுத்தவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். துணிக்கடைக்காரர் ஸ்டீரிங்கில் கை வைத்துவிட்டு ஒரு தடவை வேலிப் பக்கம் பார்த்தார். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். வண்டி நகர்ந்தது. முதல் முனையில் அது திரும்பியபோது இவள் கால் மண்ணை அழுத்தியது. ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் அழுத்தியது. "அக்கா, பூமி நின்னுடப் போகுது, விடுங்க" என்றார் பக்கத்து ஸ்கூல்காரர். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். செருப்பு முழுக்கப் புழுதி, பாதி மண்ணுக்குள் போயிருந்தது.

அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வரி வந்துவிட்டது.

கையில் காகிதம் இல்லை. பேனாவும் வண்டியில் இருந்தது, வண்டி இன்ஸ்பெக்டரோடு சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், எழுதி வைங்க. மறந்துடுவேன்."

"கையெல்லாம் கிரீஸ். இரு, சாக்பீஸ் இருக்கு, சுவத்துல எழுதறேன். சொல்லு."

"செருப்பை எங்க விடறது?"

"என்னது?"

"அக்கா கேக்கறா. கதவைத் திறந்த தங்கச்சிகிட்ட. செருப்பை எங்க விடறதுன்னு."

அந்தப் பக்கம் சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"அப்ப உள்ள போயிட்டாளா?" என்றார் அவர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"போயிட்டா" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வண்டி வந்து குலுங்காமல் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். துணிக்கடைக்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பாஸா என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை, முகம் சொன்னது. மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு இவளைக் கேட்டார். "அந்த அக்கா என்ன ஆனாங்கன்னு வீட்ல கேக்கறாங்க மேடம்."

"உள்ள போயிட்டாங்கன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். போனில் அந்த அம்மா சந்தோஷப்படுவது இவளுக்கே கேட்டது.

மறுநாள் காலை புதிதாக ஒரு பெண் வந்தாள். பயந்த முகம், ஸ்டீரிங்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. பிரேக்கக்கா வலது காலை எடுத்து பிரேக் மேல் வைத்தாள். வைத்ததை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு பாடத்தைத் தொடங்கினாள்.

"நான் சொன்னா திரும்பணும். சொல்ற வரைக்கும் நேரா போகணும். ரொம்ப நேரமா நான் ஒண்ணுமே சொல்லலைன்னா, என்னைக் கூப்பிடணும்."

"என்னன்னு கூப்பிடறது மேடம்?"

"அக்கான்னு கூப்பிடு, போதும். வந்துடுவேன்."